பட்டம் பெற்றவர் ஆசிரியராகும் ஈராண்டு

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பாடம் நடத்துவோரைப் பட்டதாரி ஆசிரியர் என்றும், அதற்கு மேல் இரண்டு மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்துவோரை முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் என்றும் குறிப்பிடுவர். கணிதம், இயற்பியல், வரலாறு, தமிழ் என ஏதேனும் ஒரு பாடத்தில் பெற்ற பட்டத்தோடு, பி.எட். என்று எல்லாரும் அறிந்த கல்வியியல் பட்டமும் இருந்தால்தான் இப்பணிகளுக்கு விண்ணப்பிக்க இயலும். மூன்றாண்டு கல்லூரியில் கணிதம் படித்துத் தேறிய ஒருவர், ஏழாம் வகுப்புக் கணக்கைச் சொல்லிக் கொடுப்பதற்கு மேலும் இரண்டாண்டு ஏன் படிக்க வேண்டும் என்ற கேள்வி, கல்லூரிக் கட்டணம் கட்டும் பெற்றோர் மனத்திலும், பயிற்சியை முடித்து வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர் மனத்திலும் எழுவது இயல்பே. அது நேர்மையான கேள்வி. அதற்கு நேர்மையான விடையும் உண்டு.

0.8, 0.45 என்ற இரண்டு தசம எண்களில் பெரியது எது என்று ஓர் ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ கேட்டால், சில மாணவர் 0.45 என்பர். 8ஐவிட 45 பெரியது என்பது அவர்கள் கணக்கு. புள்ளிக்குப் பின்னுள்ளதையும் முழு எண்ணாகவே அவர்கள் படிக்கின்றனர். கணிதப் பட்டதாரி ஒருவர் இத்தவற்றைக் கண்டதும், 0.8க்குப் பின் ஒரு சுழியம் சேர்த்து 0.80 என்று எழுதிக்கொண்டு 80ஐயும் 45ஐயும் ஒப்பிடுமாறு சொல்லிக் கொடுப்பார். விடை சரியாகிவிடும், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் மாணவர் இப்போதும் முழு எண்களைத்தான் ஒப்பிடுகிறார் என்பதும், பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு என்ற கருத்து அவருக்குள் இன்னும் நுழையவே இல்லை என்பதும் அந்தச் சரியான விடைக்குப் பின்னால் மறைந்துபோகின்றன. அதே வகுப்பில் 0.8தான் பெரியது என்று முதலிலேயே சரியாகச் சொன்ன இன்னொரு மாணவரிடம் 0.3, 0.45 ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்தால், அவர் 0.3தான் பெரியது என்று சொல்லக்கூடும். புள்ளிக்குப் பின் இலக்கங்கள் கூடக் கூட எண் சிறுத்துக்கொண்டே போகும் என்று அவர் தமக்குத் தாமே ஒரு விதியை வகுத்துக்கொண்டிருப்பார். முதற்கேள்விக்கு அந்தத் தவறான விதி தற்செயலாகச் சரியான விடையைத் தந்திருக்கும். இவ்விரு கேள்விகளையும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் யார் எங்கே தடுக்கி நிற்கிறார் என்பது தெரியவரும். அவ்வாறு கேட்க வேண்டும் என்ற அறிவை எந்தப் பட்டப்படிப்பும் தருவதில்லை.

இந்த அறிவு பாடத்தைப் பற்றியது மட்டுமன்று, மாணவரைப் பற்றியது மட்டுமன்று. ஒரு குறிப்பிட்ட பாடக்கருத்து ஒரு குறிப்பிட்ட வயதினர் மனத்தில் எவ்வாறு திரியும் என்பதையும், அதை எந்த எடுத்துக்காட்டு நேராக்கும் என்பதையும் பற்றியது. அமெரிக்கக் கல்வியியல் அறிஞர் லீ ஷுல்மன் 1986இல் இதனைத் தனியொரு அறிவு வகையாகவே பிரித்துக் காட்டினார். பாடப்பொருளறிவும் கற்பிக்கும் அறிவும் கலந்து உருவாகும் இவ்வறிவே ஆசிரியரை அப்பாடத்தின் வல்லுநரிடமிருந்து வேறுபடுத்துவது என்பது அவர் கருத்து. செடி தன் உணவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது என்று மாணவர் நம்புவதற்கு, உரத்தைச் செடிக்கான உணவு என்று வீட்டிலும் வயலிலும் நாள்தோறும் கேட்டு வளர்வது ஒரு காரணம். ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டைக் கரும்பலகையில் பிழையின்றி எழுதும் தாவரவியல் பட்டதாரி, இந்த நம்பிக்கையை முதலில் வெளியே கொண்டுவந்து பேசவில்லையானால், சமன்பாடு தேர்வுத்தாளிலும் பழைய நம்பிக்கை மனத்திலும் தனித்தனியே வாழும்.

பட்டதாரிகளுக்கு இத்தகைய பயிற்சி தேவை என்ற எண்ணம் தமிழகத்துக்குப் புதியதன்று. இந்தியக் கல்வி குறித்து 1854இல் சார்லஸ் வுட் அனுப்பிய அறிக்கை, ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கத் தனிப் பள்ளிகள் வேண்டும் என்று வலியுறுத்தியது. அதையடுத்து 1856இல் சென்னை வேப்பேரியில் தொடங்கப்பட்ட அரசு ஆசிரியப் பயிற்சிப் பள்ளி, 1887இல் சைதாப்பேட்டைக்கு இடம்பெயர்ந்து, இன்று கல்வியியல் உயராய்வு நிறுவனமாக இயங்கிவருகிறது. பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான, தம் பிறந்தநாளை நாடே ஆசிரியர் நாளாகக் கொண்டாடும் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், தத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற்ற பிறகு 1910இல் இந்தச் சைதாப்பேட்டைக் கல்லூரியில்தான் எல்.டி. எனப்பட்ட ஆசிரியப் பயிற்சியைப் பெற்றார். அந்த எல்.டி. பின்னர் பி.டி. ஆகி, அதன்பின் பி.எட். ஆயிற்று. பள்ளி அலுவலகங்களில் பட்டதாரி ஆசிரியரை இன்றும் பி.டி. அசிஸ்டென்ட் என்றே சொல்வது அந்த இடைக்காலப் பட்டத்தின் எச்சமாகும்.

நெடுங்காலம் ஓராண்டாக இருந்த இப்படிப்பு, 2015-16ஆம் கல்வியாண்டு முதல் ஈராண்டாக நீண்டது. ஆசிரியர் கல்வியின் நிலையை ஆராய உச்ச நீதிமன்றத்தின் முயற்சியால் அமைக்கப்பட்ட, நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையிலான ஆணையம் 2012இல் அளித்த அறிக்கையும், அதன் தொடர்ச்சியாகத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் வெளியிட்ட விதிமுறைகளும் இம்மாற்றத்துக்குக் காரணமாயின. நாடு முழுவதும் ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களுக்கு அனுமதி அளித்துத் தரத்தைக் கண்காணிப்பதற்காக 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே உருவான அமைப்பே இக்குழுமம். அதன் விதிமுறைப்படி இளநிலை அல்லது முதுநிலைப் பட்டத்தில் 50 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர் பி.எட். படிப்பில் சேரலாம்; இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. ஆண்டுக்கு 200 வேலைநாள்கள், வகுப்புகளுக்கு 80 விழுக்காடு வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு வருகை என்பன கட்டாயம். ஈராண்டிலும் சேர்த்து 20 வாரங்களைப் பள்ளிகளில் செலவிட வேண்டும்; அவற்றில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில் வரும். படிப்பை நீட்டியதன் உண்மையான பயன் இந்தப் பதினாறு வாரத்தில்தான் அடங்கியிருக்கிறது.

கல்லூரியில் நடைபெறும் ஏட்டுப் பாடங்களில் வளரிளம் பருவத்தினரின் உளவியல், கற்றல் கோட்பாடுகள், இந்தியக் கல்வியின் சமூகப் பின்னணி, பாலினமும் பள்ளியும், மாற்றுத்திறன் மாணவரையும் உள்ளடக்கிய வகுப்பறை, மதிப்பீட்டு முறைகள் ஆகியவை இடம்பெறுகின்றன. இவற்றோடு, பட்டப்படிப்பில் எடுத்த பாடத்தைக் கற்பிக்கும் முறை தனிப்பாடமாக இரண்டாண்டும் தொடர்கிறது. பியாஜே, வைகாட்ஸ்கி, புரூனர் என்ற கற்றல் கோட்பாட்டாளரின் பெயர்களைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்து பின்னர் மறந்துவிடுவோர் பலர் என்பது மறுக்க முடியாத உண்மை. எனினும் அக்கோட்பாடுகள் வீணல்ல. வகுப்பறையில் ஒரு மாணவர் திகைத்து நிற்பதைப் பார்த்த பிறகு அவற்றைப் படிப்பவருக்கு அவை வேறு பொருள் தருகின்றன. ஏட்டுக்கல்வி முழுவதையும் முடித்துவிட்டுப் பள்ளிக்குச் செல்வதைவிட, முதலாண்டிலேயே சில வாரம் பள்ளியைப் பார்த்துவிட்டு வருவது நல்லது என்று விதிமுறை வகுத்தோர் கருதியதற்கு இதுவே காரணமாகலாம்.

பள்ளிக்குச் செல்லும் முன் கல்லூரிக்குள்ளேயே நடக்கும் ஒத்திகைக்கு நுண்ணிலைக் கற்பித்தல் என்று பெயர். 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான இம்முறை, கற்பித்தல் என்னும் பெரிய செயலைச் சிறுசிறு திறன்களாகப் பிரித்து, ஒரு நேரத்தில் ஒரு திறனை மட்டும் பழகச் செய்வதாகும். பாடத்தைத் தொடங்கும் திறன், விளக்கும் திறன், கிளர்வினாத் திறன், வலுவூட்டும் திறன், குரலையும் நிற்கும் இடத்தையும் மாற்றி மாணவர் கவனத்தை ஈர்க்கும் பல்வகைத் தூண்டல் திறன், கரும்பலகையைப் பயன்படுத்தும் திறன் என இவை விரியும். கிளர்வினா என்பது, மாணவர் அரைகுறையாகச் சொன்ன விடையைத் தள்ளிவிடாமல், அதையே பிடித்துக்கொண்டு அடுத்தடுத்த கேள்விகளால் அவரை முழு விடைக்கு அழைத்துச் செல்வது. உடன் பயில்வோர் சிலரே மாணவராக அமர, பயிற்சி ஆசிரியர் ஆறு நிமிடம் கற்பிக்கிறார். அடுத்த ஆறு நிமிடம் பார்வையாளர் கருத்துரைக்கின்றனர். பன்னிரண்டு நிமிடத்தில் பாடம் திருத்தி அமைக்கப்படுகிறது. மீண்டும் ஆறு நிமிடம் கற்பித்தலும் ஆறு நிமிடம் கருத்துரையும் நிகழ்கின்றன. இந்தியச் சூழலுக்கேற்ப வகுக்கப்பட்ட இந்த 36 நிமிடச் சுழற்சியில், ஒரே செயலைச் செய்து, குறை கேட்டு, உடனே திருத்திச் செய்து பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது. பணியில் சேர்ந்த பின் எந்த ஆசிரியருக்கும் இவ்வாய்ப்பு எளிதில் அமைவதில்லை.

இந்த ஒத்திகையின் எல்லையும் தெளிவானது. மாணவராக அமர்ந்திருக்கும் சக பயிற்சியாளர் யாரும் உண்மையில் குழம்புவதில்லை. கடைசி இருக்கையில் பேசிக்கொண்டிருப்பதில்லை. காலையில் சாப்பிடாமல் வந்து சோர்ந்து கிடப்பதில்லை. எனவே திறன்கள் கைவந்த பின்னும், நாற்பது மாணவர் கொண்ட உண்மையான வகுப்பில் அவை முதல் வாரத்திலேயே சிதறிப்போவது வழக்கம். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

பள்ளிப் பயிற்சிக்கு வருவோரைப் பள்ளிகளில் பி.எட். சார் என்றும் பி.எட். டீச்சர் என்றும் மாணவர் அழைப்பர். பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இருப்பதால் அவ்வகுப்பைப் பெரும்பாலும் இவர்களிடம் ஒப்படைப்பதில்லை. ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளே கிடைக்கும். முதற்சில நாள், அப்பாடத்தை வழக்கமாக நடத்தும் ஆசிரியரின் வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து கவனித்துக் குறிப்பெடுப்பது முறை. அதன்பின் இடம் மாறுகிறது: பயிற்சியாளர் கரும்பலகை அருகே நிற்க, வழிகாட்டி ஆசிரியர் பின்வரிசைக்குச் செல்கிறார். அங்கிருந்து தெரிபவை முன்னால் நிற்பவருக்குத் தெரியாதவை. பாதி நேரம் வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுதியது, எழுதியதைத் தானே மறைத்துக்கொண்டு நின்றது, முன்வரிசையில் கைதூக்கிய நால்வரிடமே எல்லாக் கேள்வியும் போனது, மாணவரின் பெயரைச் சொல்லிவிட்டுக் கேள்வியைக் கேட்டதால் மற்றவர் அனைவரும் யோசிப்பதை நிறுத்திக்கொண்டது ஆகிய எல்லாம் பின்னாலிருந்துதான் தெளிவாகப் புலப்படும்.

கேள்விக்கும் விடைக்கும் இடையிலான மௌனம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆசிரியர் கேள்வி கேட்ட பின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கின்றனர், அதற்குள் விடை வராவிடில் தாமே சொல்லிவிடுகின்றனர் அல்லது அடுத்தவரிடம் போய்விடுகின்றனர் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்தார். மூன்று நொடி காத்திருந்தாலே மாணவரின் விடைகள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாதவரும் பேசத் தொடங்குகின்றனர் என்பதும் அவர் கண்டதே. புதிய ஆசிரியருக்கு அந்த மூன்று நொடி மிக நீண்டதாகத் தோன்றும். வகுப்பு கையைவிட்டுப் போகிறது என்ற அச்சம் வரும். அந்த அச்சம் தேவையற்றது என்று நூலில் படித்து ஒருவர் தெளிய முடியாது. பாடம் முடிந்தபின் ஆசிரியர் அறையில் வழிகாட்டி ஆசிரியர் ஒருவர் உட்காரவைத்து, இன்ன கேள்விக்குப் பின் நீங்கள் காத்திருக்கவே இல்லை, மூன்றாம் வரிசைப் பெண் விடை சொல்ல வாயெடுத்ததைக் கவனிக்கவில்லை என்று எடுத்துச் சொன்னால்தான் அது மறுநாள் வகுப்பில் மாறும். பட்டதாரி ஒருவரை ஆசிரியராக மாற்றும் வேலை இந்தப் பத்து நிமிட உரையாடலில்தான் பெரிதும் நடக்கிறது. படிப்பின் மற்ற பகுதிகள் அதற்குத் துணை நிற்பவையே.

அந்த உரையாடல்தான் நடைமுறையில் முதலில் கைவிடப்படுகிறது என்பது வருத்தத்துக்குரியது. பயிற்சியாளர் பாடக்குறிப்பு எழுத வேண்டும். அதில் நோக்கங்கள், துணைக்கருவிகள், ஆசிரியர் செயல், மாணவர் செயல், மதிப்பீட்டு வினா என்று கட்டங்கள் இருக்கும். அடைவுத் தேர்வு நடத்தி, வினாத்தாளுக்கான வரைவுத் திட்டம் தயாரித்து, மதிப்பெண்களைப் பகுத்தாய்ந்து எழுத வேண்டும். ஒரு மாணவரைத் தேர்ந்து தனியாள் ஆய்வு செய்ய வேண்டும். இவையெல்லாம் தனித்தனி ரெக்கார்டு நோட்டுகளாகக் கல்லூரிக்குச் சேர வேண்டும். ஒவ்வொன்றும் தன்னளவில் பொருளுள்ள வேலை. குறிப்பாக, ஒரு வினாத்தாளில் எத்தனை கேள்வி நினைவை மட்டும் சோதிக்கிறது, எத்தனை கேள்வி புரிதலைச் சோதிக்கிறது என்று பிரித்துப் பார்க்கக் கற்பிக்கும் வரைவுத் திட்டம், பணிக்காலம் முழுவதும் பயன்படும் கருவி. ஆயினும் செய்முறைத் தேர்வுக்கு வரும் தேர்வாளர் பார்ப்பது நோட்டுகளையும் சார்ட்டுகளையும் என்றாகும்போது, உழைப்பு முழுவதும் அட்டை போடுவதிலும் படம் வரைவதிலும் முந்தைய ஆண்டு நோட்டைப் பார்த்து எழுதுவதிலும் சென்றுவிடுகிறது. பாடக்குறிப்பில் எழுதியபடி வகுப்பு நடக்காமற்போன இடம் எது, ஏன் நடக்கவில்லை என்று எழுதுவதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினால், அந்த ஒரு பக்கத்தின் பயன் முழு நோட்டின் பயனைவிட மிகுதியாக இருக்கும்.

பள்ளிகளின் பக்கமும் நியாயம் உண்டு. ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பள்ளிக்குப் பயிற்சியாளர் வருவது உதவியாகவே தோன்றும். விடுப்பில் சென்றவரின் வகுப்புக்கு அவரை அனுப்பிவிட்டு மற்ற ஆசிரியர் தம் வேலையைப் பார்க்கின்றனர். வழிகாட்டி ஆசிரியராக இருப்பதற்கு நேர ஒதுக்கீடோ அதற்கெனத் தனிப்பயிற்சியோ பெரும்பாலும் கிடையாது. கல்லூரிப் பேராசிரியர் வந்து பார்ப்பதும் எளிதன்று. ஈராண்டிலும் சேர்த்து 200 பேர் பயிலும் கல்லூரிக்கு 16 முழுநேர ஆசிரியர் வேண்டும் என்பது குழுமத்தின் விதி. அவ்விதி முழுமையாகப் பின்பற்றப்படும் கல்லூரியில்கூட, முதலாண்டு வகுப்புகளை நடத்திக்கொண்டே வெவ்வேறு ஊர்ப் பள்ளிகளில் இருக்கும் நூறு பேரையும் பலமுறை சென்று பார்ப்பது பெரும்பாடு.

கல்லூரிகளின் தரம் இதைவிடப் பெரிய சிக்கல். 2008இல் உருவான தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் 600க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இயங்கிவந்துள்ளன. அவற்றுள் அரசுக் கல்லூரிகள் 7, அரசு உதவிபெறும் கல்லூரிகள் 14. இந்த 21 கல்லூரிகளின் 2,040 இடங்களுக்கே கலந்தாய்வு வழியாகச் சேர்க்கை நடைபெறுகிறது. மற்றவை அனைத்தும் தனியார் சுயநிதி நிறுவனங்கள். நாட்டிலுள்ள தனித்தியங்கும் ஆசிரியப் பயிற்சி நிறுவனங்கள் 10,000க்கும் மேற்பட்டவற்றில் பெரும்பாலானவை முறையான பயிற்சியை அளிக்க முயல்வதே இல்லை, விலைக்குப் பட்டம் விற்கின்றன என்று வர்மா ஆணையத்தை மேற்கோள் காட்டி 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே குறிப்பிடுகிறது. வகுப்புக்கு வராமலே பட்டம் பெறலாம் என்ற உறுதிமொழியுடன் சேர்க்கை நடத்தும் நிறுவனம் எதுவாயினும், அது ஏமாற்றுவது கட்டணம் கட்டியவரை மட்டுமன்று. முப்பதாண்டு காலம் அவர் முன் அமரப்போகும் மாணவர் அனைவரையும் ஏமாற்றுகிறது.

பட்டம் பெற்ற பிறகும் வேலைக்கான வழி நீண்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தையொட்டி ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமாயிற்று. தமிழ்நாட்டில் முதல் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. பட்டதாரி ஆசிரியராக விரும்புவோர் எழுத வேண்டிய இரண்டாம் தாள் 150 மதிப்பெண்ணுக்குரியது. கொடுக்கப்பட்ட விடைகளிலிருந்து சரியானதைத் தேர்ந்து குறிக்கும் முறையில் அமைந்தது. 2018ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று, தகுதித் தேர்வில் தேறியோர் பணி நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்றது. ஏற்கெனவே பணியில் உள்ளோரில் ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர் ஈராண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தீர்ப்பளித்ததும், பல ஆண்டுகள் பணியாற்றிய ஆசிரியரிடையே பெருங்கவலையை உண்டாக்கியது. இத்தேர்வுகள் பாட அறிவை ஓரளவு அளக்கின்றன. 0.45 பெரியது என்று சொன்ன மாணவரிடம் அடுத்து என்ன கேட்பார் என்பதை அவற்றால் அளக்க இயலாது. அதற்குப் பாடம் நடத்தச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

வேறு நாடுகளில் பயிற்சியின் அமைப்பு வேறாக இருக்கிறது. இலங்கையில் பட்டதாரிகள் பலர் முதலில் ஆசிரியராக நியமனம் பெற்று, பணியிலிருந்துகொண்டே பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைப் பயில்கின்றனர். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களும் மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகமும் இதனை நடத்துகின்றன. கற்கும் கோட்பாட்டை மறுநாளே தம் வகுப்பில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு இதன் நன்மை. பயிற்சி பெறாத நிலையில் முதல் சில ஆண்டுகள் மாணவரிடம் செல்வது இதன் குறை. இங்கிலாந்தில் ஓராண்டே நீளும் பட்டப்பின் பயிற்சியில் 120 நாள் பள்ளியில் கழிக்க வேண்டும், அதுவும் குறைந்தது இரண்டு பள்ளிகளில் என்பது விதி. ஒரே பள்ளியின் பழக்கங்களையே கற்பித்தல் என்று எண்ணிவிடாதிருக்க இரண்டாவது பள்ளி உதவுகிறது. தமிழ்நாட்டுப் பயிற்சிக்கும் இந்த ஏற்பாடு பொருந்தும்.

இந்தியாவில் அடுத்த மாற்றமும் வந்துகொண்டிருக்கிறது. மேல்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தவரை நேரே சேர்த்து, பாடப் பட்டத்தையும் கல்வியியல் பட்டத்தையும் நான்காண்டில் ஒருங்கே அளிக்கும் படிப்பே 2030க்குள் ஆசிரியர்க்கான அடிப்படைத் தகுதியாக வேண்டும் என்கிறது தேசியக் கல்விக் கொள்கை. இது முற்றிலும் புதிய எண்ணமன்று. 1963இல் தொடங்கப்பட்ட மைசூர் மண்டலக் கல்வி நிறுவனம் இத்தகைய ஒருங்கிணைந்த படிப்பை நெடுங்காலமாக நடத்தி, தென்மாநில மாணவர் பலரை ஆசிரியராக்கியிருக்கிறது. பாடத்தையும் அதைக் கற்பிக்கும் வகையையும் சேர்த்தே நான்காண்டு சிந்திப்பது நல்லதுதான். பதினேழு வயதில் ஆசிரியப் பணியைத் தேர்ந்தெடுக்க எத்தனை பேர் முன்வருவர் என்பது வேறு கேள்வி. நான்காண்டுப் பட்டமோ முதுநிலைப் பட்டமோ பெற்றவருக்கு ஓராண்டு பி.எட். போதும் என்றும் அதே கொள்கை கூறுகிறது. ஈராண்டு மீண்டும் ஓராண்டாகும்போது எந்தப் பகுதி சுருங்கும் என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. ஏட்டுப் பாடங்களில் சிலவற்றைச் சுருக்கலாம், ரெக்கார்டுகளில் பலவற்றை நீக்கலாம். பள்ளியில் கழிக்கும் பதினாறு வாரத்தைக் குறைப்பதானால், பின்வரிசையில் ஒருவர் அமர்ந்து பார்ப்பதற்கும் பார்த்ததைப் பேசுவதற்கும் இப்போது கிடைக்கும் சிறிதளவு நேரமும் இல்லாமற்போகும்.